குற்றாலத்தில் ஒரு குறிப்பேடு

குற்றாலத்துக்குப் போய் வந்தவர்களிடம், "அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "குளித்தோம்" என்று பதில் சொல்வார்கள். "அது சரி, பார்த்தது என்ன?" என்று மறுபடியும் கேட்டால், "நன்றாகக் குளித்தோம்" என்பார்கள்.

நாமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தாம். இருபது வருஷ காலமாகக் குற்றாலத்துக்குப் போய் வருகிறோம். தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு அருவியின் கீழ் நிற்பது, பசி எடுத்ததும் ஓடிப்போய்ச் சாப்பிடுவது, மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிப் பையை நிரப்புவது, பிறகு மறுபடியும் அருவியின் கீழ் நிற்பது, இதுவே நமது குற்றால யாத்திரையின் பூர்வோத்தரம். ஒரு வருஷம் மட்டும் தினக்குறிப்பு எழுதிய ஞாபகம் வந்து தேடி எடுத்துப் பார்த்தோம். "அருவியில் ஜலம் ஏராளம். இயற்கைக் காட்சி வர்ணனைக்கு அடங்காது. பரம சந்தோஷம்" என்று இருந்தது. வர்ணனைக்கு அடங்காது என்று எழுதினவர்கள் வர்ணிக்க முயன்று பார்த்தோமா என்றால், அதுதான் இல்லை. மலையையும் மரத்தையும் "வர்ணனைக்கு அடங்காது" என்ற இரண்டு வார்த்தையில் மூட்டை கட்டி வைத்துவிட்டு அல்வாக் கடைக்குப் போயிருக்கிறோம்!

இந்த அவமானத்திலிருந்து நம்மை மீட்டவள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. நமது அண்ணன் மகள். இரண்டு வருஷங்களுக்கு முன், ஆனி மாதத்தில், பொதிகை ரயிலில் குடும்பத்தோடு தென்காசிக்குப் போனோம். அவள் கையில் கோடு போடாத ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருந்தது. தினம் ஏதாவது ஓர் உயிரையோ செடியையோ பார்த்து எழுத வேண்டும், படமும் போட வேண்டும் என்று பள்ளிக்கூடத்து ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தாராம். "இயற்கைக் குறிப்பேடு" என்று அட்டையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். "சித்தப்பா, உங்களுக்கும் ஒன்று வாங்கியிருக்கிறேன்" என்று நம் கையிலும் ஒரு நோட்டைத் திணித்தாள். மறுக்க வழியில்லை.

தென்காசி ஸ்டேஷனில் இறங்கியதும் முதலில் வரவேற்றது காற்று. மேற்கே மலைத் தொடரில் செங்கோட்டைக்கு அப்பால் ஒரு கணவாய் இருக்கிறது. கேரளத்தில் தென்மேற்குப் பருவ மழை தொடங்கியதும், மேகமும் காற்றும் அந்த வாசல் வழியாகத்தான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கின்றன. மழை பெரும்பாலும் மலைக்கு அந்தப் புறத்திலேயே தீர்ந்துபோகிறது. நமக்குக் கிடைப்பது சாரல். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் பூப் போல விழும் அந்தத் தூவானத்துக்கு வேறு ஊர்களில் பெயர்கூடக் கிடையாது. காசி விசுவநாதர் கோவிலின் ஒன்பது நிலைக் கோபுர வாசலில் நுழைந்தால் காற்று ஆளைத் தள்ளுகிறது. கோவில் 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. வெகு காலம் சிதைந்து நின்ற கோபுரத்தை மறுபடி எழுப்பிக் கும்பாபிஷேகம் செய்தது 1990-ஆம் வருஷத்தில். நாம் வேஷ்டியைப் பிடித்துக்கொள்வதிலேயே கவனமாயிருந்தோம். சிறுமியோ சுவர் ஓரமாக உட்கார்ந்து, "ஆனி 14. காலை 8 மணி. கோபுர வாசல். காற்று மேற்கிலிருந்து. மாடப்புறா காற்றை எதிர்த்துப் பறக்கும்போது நின்ற இடத்திலேயே நிற்கிறது" என்று எழுதிவிட்டாள்.

நமது இருபது வருஷத்துக் குறிப்புகளில் இதற்கு ஈடான ஒரு வாக்கியம் கிடையாது என்பதை அப்போதே ஒப்புக்கொண்டோம்.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர் தூரம். பேரருவிக்குப் போகும் வழியில், "சித்தப்பா, அருவியைப் பார்க்காமல் நினைவிலிருந்து படம் போடுங்கள்" என்றாள். இது என்ன பிரமாதம் என்று நோட்டை வாங்கி, மேலே ஒரு பாறை, கீழே ஒரு பாறை, நடுவில் நேர் கோடாக நான்கு கோடு இழுத்துக் கொடுத்தோம். பத்து நிமிஷத்தில் அருவியின் முன் நின்றோம். படத்தையும் அருவியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் மரியாதையாக மௌனம் சாதித்தாள்.

உண்மையில், பேரருவி ஒரே வீச்சில் கீழே விழுவதில்லை. மேலிருந்து பாய்ந்து வரும் நீர், நடு வழியில் பாறையில் குடைந்த ஓர் ஆழமான பள்ளத்தில் விழுந்து பொங்கி, அங்கிருந்து வழிந்து, அகன்று விரிந்து கீழே இறங்குகிறது. அந்தப் பள்ளத்துக்குப் பொங்குமாகடல் என்று பெயர். நேராக விழும் நீரின் வேகத்தை அது தாங்கிக்கொள்வதால்தான் கீழே மனிதர்கள் நின்று குளிக்க முடிகிறது. இருபது வருஷம் அந்த நீரைத் தலையில் வாங்கியவர்கள், அது எப்படி வந்து சேர்கிறது என்று ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை! படம் போடுவது அழகுக்காக அல்ல. எதைப் பார்க்கவில்லை என்பதைக் காட்டிக் கொடுப்பதற்காக என்பது அன்றைக்குப் புரிந்தது.

தென்காசியில் நாம் தங்குவது பெரிய அத்தையின் வீட்டில். அப்போது அவளுக்கு வயது எண்பத்திரண்டு. சிறுமிக்கு மட்டுமல்ல, அந்தத் தெரு முழுமைக்கும் அவள் "ஆச்சி". கண் பார்வை மங்கிவிட்டது. ஆனால் காதுக்கு ஒரு குறைவும் இல்லை. சாயங்காலம் கொல்லைப் புறத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்கிருந்தோ, குடத்துக்குள் வாயை வைத்து ஊதுவதுபோல், "ஊப்... ஊப்... ஊப்..." என்று ஒரு சப்தம் வந்தது. குற்றாலத்துக் குரங்கு ஒன்று இங்கே வந்துவிட்டது என்று நாம் தீர்மானித்து, அப்படியே நோட்டிலும் எழுதத் தொடங்கினோம்.

"குரங்காவது, மண்ணாவது! அது செம்போத்துல்லா? சும்மா இருந்து பாருங்க, வேலிக்குள்ளேருந்து நடந்து வரும்" என்றாள் ஆச்சி.

சும்மா இருந்தோம். கால் மணி நேரம் கழித்து, காக்கை அளவில், கருத்த உடலும் செம்பு நிறச் சிறகும் சிவந்த கண்ணுமாக ஒரு பறவை, மிராசுதாரைப்போல நிதானமாக வேலியிலிருந்து நடந்து வந்தது. "குரங்கு" என்பதை அழித்துவிட்டு, "செம்போத்து, ஆச்சி சொன்னது" என்று எழுதினோம். சொன்னவர் பெயரையும் எழுத வேண்டும் என்பது சிறுமியின் சட்டம்.

அதன் பிறகு இரண்டு நாளும் ஆச்சியை விடவில்லை. எந்தச் செடியைக் கொண்டுபோய் விரலில் தொட்டுக் காட்டினாலும், கசக்கி மோந்து பார்த்துப் பெயரும் குணமும் சொன்னாள். நொச்சி, ஆடாதோடை, கீழாநெல்லி, குப்பைமேனி என்று பக்கம் நிறைந்தது. கிணற்றுச் சுவரின் செங்கல் இடுக்கில் ஒரு சின்னஞ்சிறு செடி. விரல் நகத்தைவிடச் சிறிய ஊதாப் பூ, ஐந்து இதழ். எட்டுப் பூக்கள் இருந்தன. சிறுமி அதைப் பறிக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்து படம் போட்டாள். ஆச்சியைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தொட்டுப் பார்க்கச் செய்தாள்.

ஆச்சி யோசித்தாள். "சாரல் விழுந்தாத்தான் இது பூக்கும். எங்க அம்மை இதுக்கு ஒரு பேரு சொல்லுவா. நாக்கு நுனியில நிக்கி, வரமாட்டேங்கு. வந்தா சொல்லுதேன், ட்டீ" என்றாள்.

படத்துக்குப் பக்கத்தில் "பெயர்:" என்று எழுதி, சிறுமி கொஞ்சம் இடம் விட்டு வைத்தாள்.

ஊர் திரும்பிய பிறகு இந்தக் குறிப்பேட்டு விஷயம் நம்மை விடாமல் பிடித்துக்கொண்டது. விசாரிக்க விசாரிக்க, நாம் நினைத்ததுபோல் இது பள்ளிக்கூடத்து விளையாட்டு அல்ல என்று தெரிந்தது. குறிஞ்சிப் பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறார். நிலத்தையும் பொழுதையும் பூவையும் பறவையையும் சேர்த்துப் பார்ப்பது நம் முன்னோருக்கு இலக்கணமாகவே இருந்தது. நடுவில் எங்கோ நாம்தான் நோட்டை மூடிவிட்டோம்.

குற்றாலத்துக்கே இதில் ஒரு சரித்திரம் உண்டு. 1830-களில் ராபர்ட் வைட் என்ற கம்பெனி டாக்டர் இந்த மலைக்கு வந்து செடி கொடிகளைச் சேகரித்தார். குற்றாலத்துத் தாவரங்களைப்பற்றித் தனிக் கட்டுரையும் எழுதினார். பிறகு 1838 முதல் 1853 வரையில் அவர் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட இந்தியத் தாவரச் சித்திர நூலில் 2,000-க்கு மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. பெயர் வைட் துரைக்கு. ஆனால் அவருக்காக எழுதுகோல் பிடித்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள். முதலில் ரங்கய்யா, அவருக்குப் பின் கோவிந்து. இதழையும் மகரந்தத் தாளையும் விதையையும் தனித்தனியே பிரித்து, எண்ணி, அவர்கள் எழுதிய சித்திரங்களை இன்றைக்கும் உலகத்துத் தாவர சாஸ்திரிகள் எடுத்துப் பார்க்கிறார்கள். ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் "கோவிந்தூயியா" என்று வைட் பெயர் வைத்தார். தாவர சாஸ்திரிகள் பின்னால் அந்தப் பெயரை மாற்றிவிட்டார்கள். அந்த இரண்டு கலைஞர்களின் வாழ்க்கையைப்பற்றியோ, எழுதி வைத்தவர்கள் வெகு சொற்பம். பூவைப் பதிவு செய்தவர்களை நாம் பதிவு செய்து வைத்துக்கொள்ளவில்லை.

நமது காலத்துக்குச் சமீபத்தில் வந்தால், திருநெல்வேலிச் சீமைக்கே பெருமை தரும் ஒருவர் இருக்கிறார். "பத்மாவதி சரித்திரம்" எழுதிய அ. மாதவையாவின் குமாரர் மா. கிருஷ்ணன், 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். கல்கத்தா "ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகையில் 1950 முதல் 1996 வரையில், 46 வருஷங்கள், "நாட்டுப்புறக் குறிப்பேடு" என்று பொருள்படும் தலைப்பில் எழுதி வந்தார். படங்களையும் தாமே வரைந்தார். கடைசிக் கட்டுரை வெளிவந்த நாளிலேயே காலமானார். யானையைப்பற்றி எழுதிய அதே சிரத்தையோடு காக்கையையும் அணிலையும்பற்றி எழுதினார் என்பதே அவரிடம் நாம் கற்க வேண்டிய பாடம். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் "மழைக்காலமும் குயிலோசையும்" என்ற நூலாகக் கிடைக்கின்றன. இயற்கையைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடலாம்.

"பூ எப்போது பூத்தது என்று எழுதி வைத்து என்ன லாபம்?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் தோரோ என்ற அறிஞர், காந்தியடிகள் படித்துப் போற்றிய அதே தோரோதான், 1850-களில் தம் ஊரான கான்கார்டில் எந்தச் செடி எந்தத் தேதியில் முதலில் பூத்தது என்று வருஷா வருஷம் எழுதி வைத்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் விஞ்ஞானிகள் அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு அதே ஊரில் பார்த்தபோது, பல செடிகள் முன்னைவிடச் சீக்கிரமாகவே பூப்பதைக் கண்டார்கள். ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் செர்ரி மரங்கள் பூத்த தேதிகள் ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பழைய நாட்குறிப்புகளில் கிடைக்கின்றன. 2021-ஆம் வருஷத்தில் பூத்ததுபோல் அவ்வளவு முன்னதாக 1,200 வருஷத்தில் பூத்ததில்லை என்று அவற்றைக் கொண்டுதான் சொன்னார்கள். பூமி வெப்பமடைகிறது என்பதற்கு அந்த நாட்குறிப்புக்காரர்கள் சாட்சி சொல்கிறார்கள். தாங்கள் சாட்சி என்பது எழுதும்போது அவர்களுக்குத் தெரியாது.

நம் ஊரிலோ, "முன்னெல்லாம் ஆனி பிறந்தால் சாரல் தவறாது" என்று ஒருவர் சொல்கிறார். "எப்போதும் இப்படி முன்பின் ஆவதுதான்" என்று இன்னொருவர் சொல்கிறார். அரசாங்கம் மழையை அளந்து வைத்திருக்கிறது. ஆனால் மழைக்குப் பூ என்ன பதில் சொன்னது, குருவி என்ன பதில் சொன்னது என்பதை வீட்டுக்காரர்கள் அல்லவா எழுதி வைக்க வேண்டும்?

ஆரம்பிக்க நினைக்கும் நேயர்களுக்கு, ஆரம்பித்து அடி பட்டவர்கள் என்ற உரிமையில் சில வார்த்தைகள் சொல்கிறோம்.

நோட்டு சிறியதாயிருக்கட்டும், பெரிய நோட்டு வீட்டிலேயே தங்கிவிடும். பேனா வேண்டாம், பென்சில் போதும். குற்றாலச் சாரலில் நமது மைக் குறிப்பு ஒரு பக்கம் முழுதும் நீலக் குளமாகிவிட்டது. எதையும் எழுதுவதற்கு முன் தேதி, மணி, இடம், காற்று, வெயில், மழை இவற்றை எழுதிவிடுங்கள். தேதி இல்லாத குறிப்பு விலாசம் இல்லாத கடிதம்.

ஒரு நாளைக்கு ஒரு பொருள் போதும். மலை முழுவதையும் எழுதப் புகுந்தால் மறுபடியும் "வர்ணனைக்கு அடங்காது" என்றுதான் முடியும். ஒரு இலை, ஒரு எறும்பு வரிசை, ஒரு குரங்கு. குற்றாலத்துக் குரங்கின் தலை மயிர் நடுவிலிருந்து நாலா பக்கமும் வகிடு எடுத்துக் குல்லாய் வைத்தாற்போல் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போனபோது நாம் அதன் கையைத்தான் பார்த்தோம்.

"அழகு", "அற்புதம்", "மனோகரம்" என்ற மூன்று வார்த்தைகளையும் நோட்டுக்குள் அனுமதிக்காதீர்கள். நிறம் என்ன, எத்தனை இதழ், எவ்வளவு உயரம் என்று எழுதுங்கள். அளவுகோல் தேவையில்லை, சாணும் விரற்கடையும் எப்போதும் நம்மோடு இருக்கின்றன. படம் கோணலாயிருந்தால் வெட்கப்பட வேண்டாம். பக்கத்தில் அம்புக்குறி போட்டு, "இங்கே சிவப்பு", "இங்கே முள்" என்று எழுதிவிட்டால், கோணல் படமும் உண்மையைச் சொல்லும்.

பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. கண்டது ஒன்று, பிறர் சொல்லக் கேட்டது ஒன்று, தெரியாதது ஒன்று. மூன்றாவதுதான் முக்கியம். நாள் செல்லச் செல்ல, மற்ற இரண்டும் அதிலிருந்தே வளரும். பெயர் தெரியாவிட்டால் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். பெயர் பிறகு வரலாம், பூ அதுவரை காத்திராது.

பறிக்காதீர்கள், உயிர்களுக்குத் தீனி போடாதீர்கள். குற்றாலத்து மலைக்காடு 2015 முதல் நெல்லை வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. மேலே செண்பகாதேவி, தேனருவிப் பக்கம் நினைத்தபடி ஏறிப் போகக் கூடாது. அருவி அருகில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் ஒரு கண்ணை மலைமேல் வைத்திருக்க வேண்டும். 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போயிற்று. குறிப்பேட்டைவிட உயிர் பெரிது.

எல்லாவற்றுக்கும் மேலாக, குற்றாலத்துக்குப் போகும் வரையில் காத்திருக்க வேண்டாம். சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை மரம் இருந்தால் போதும். வாரத்துக்குப் பத்து நிமிஷம் அதைப் பாருங்கள். ஒரு வருஷத்தில் உங்கள் முருங்கையைப்பற்றி உலகத்தில் உங்களைவிட அதிகமாகத் தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

இவ்வளவு உபதேசம் செய்யும் நாம் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.

ஊர் திரும்பியபின் ஆச்சியோடு மாதம் இரண்டு தடவையாவது டெலிபோனில் பேசினோம். உடம்பு, மருந்து, கலியாணம், விலைவாசி எல்லாம் பேசினோம். கிணற்றுச் சுவர்ப் பூவின் பெயர் நினைவுக்கு வந்ததா என்று மட்டும் கேட்கவில்லை. சிறுமி இரண்டு தடவை நினைவூட்டினாள். "அடுத்த தடவை போகும்போது நேரிலேயே கேட்கலாம்" என்றோம். மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் தென்காசியிலிருந்து செய்தி வந்தது. ஆச்சி தூக்கத்திலேயே போய்விட்டாள்.

அடுத்த ஆனியில், அதே 14-ஆம் தேதிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று பிரயாணத்தை அமைத்துக்கொண்டோம். காற்று எழும்பியிருந்தது, சாரல் இன்னும் விழவில்லை. நேரே கொல்லைப் புறத்துக்குப் போனோம். செங்கல் இடுக்கில் அந்தச் செடி இருந்தது. போன வருஷம் இதே நாளில் எட்டுப் பூக்கள். இந்த வருஷம் இரண்டு மொட்டுகள் மட்டும். சிறுமி பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு வருஷக் குறிப்பைக் கொண்டு காலம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால், "சாரல் விழுந்தாத்தான் இது பூக்கும்" என்று ஆச்சி சொன்ன வார்த்தைக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

வேலிக்குள்ளிருந்து "ஊப்... ஊப்..." என்று செம்போத்து கூப்பிட்டது. இந்தத் தடவை நமக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நோட்டைப் புரட்டினால் ஆச்சி சொன்னது என்று முப்பத்தொரு இடத்தில் எழுதியிருக்கிறது. அந்த முப்பத்தொன்றும் நம் வீட்டில் இனி அழியாது.

முப்பத்திரண்டாவதற்கு என்ன செய்வது என்று யோசித்தோம். "புத்தகத்தைப் பார்த்து ஏதாவது ஒரு பெயரை எழுதிவிடலாமே" என்றோம். சிறுமி ஒப்பவில்லை. "புத்தகத்துப் பெயர் வேறு பக்கத்தில் இருக்கட்டும், சித்தப்பா. இது ஆச்சியுடைய அம்மை சொன்ன பெயருக்கு விட்ட இடம்" என்றாள்.

அவள் சொன்னதே நியாயம். "பெயர்:" என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அந்த இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. நேயர்களில் யார் வீட்டிலாவது இன்னும் ஓர் ஆச்சி இருந்தால், இன்று மாலையே ஒரு பென்சிலும் நோட்டும் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.